அழைக்கப்பட்டவர்களின் வகுப்பு

மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவைக் கற்பித்துவரும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



உங்களுள் பெரும்பாலோரை நான் நேரில் அறியேன். ஆயினும், கரும்பலகையும் புத்தகமும் மட்டும் போதாமல் லேத்தையும் தையல் இயந்திரத்தையும் தட்டச்சுப் பொறியையும் துணைக்கொண்டு பாடம் நடத்தும் உங்கள் பட்டறைக்கு அடுத்த அறையில் சரித்திர ஆசிரியனாகப் பல்லாண்டுகள் இருந்தவன் என்ற உரிமையிலும், இளம் வயதில் சில ஆண்டுகள் லத்தீன் பாஷையைப் படிக்க நேர்ந்தவன் என்ற உரிமையிலும், ஓய்வு பெற்று நெடுங்காலம் கழிந்த பிறகு இந்த மடலை உங்களுக்கு எழுதத் துணிகிறேன். நான் எழுத விரும்புவது ஒரு சொல்லைக் குறித்து. உங்கள் பிரிவின் வாசலில் அது நாள்தோறும் நிற்கிறது. அதை உச்சரிக்கும்போது மாணவர்க்குக் குரல் சற்றே தாழ்ந்துவிடுகிறது. பெற்றோர்க்குப் பெருமூச்சு வருகிறது. 'வொகேஷனல் குரூப்' என்று நாம் எல்லோரும் சொல்லிப் பழகிவிட்ட அந்தத் தொடரின் முதற்சொல், ஐரோப்பிய மக்கள் தங்கள் உழைப்புக்கு இட்டு வழங்கிய பெயர்களுள் எல்லாம் மேலானதாக ஒரு காலத்தில் மதிக்கப்பட்டது என்ற செய்தி, அதை அன்றாடம் சுமக்கிற உங்களுக்கே சரியாக எட்டாமல் போயிற்றே என்னும் ஆதங்கம் எனக்கு வெகுநாளாக உண்டு.

பதினோராம் வகுப்புச் சேர்க்கை நடந்த ஒரு ஜூன் மாதக் காலை என் நினைவை விட்டு அகலவில்லை. விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் மேசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஒரு தகப்பனார், மகனின் மதிப்பெண் பட்டியலை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தவர், அதை எடுத்துப் பிரித்து, மடிப்புகளை உள்ளங்கையால் நீவி, எங்கள் முன் வைத்தார். எங்களுள் ஒருவர் அதைப் பார்த்த மாத்திரத்தில், "ஃபர்ஸ்ட் குரூப்புக்கு மார்க் பத்தாது, வொகேஷனல்ல போட்டுரலாம்" என்றார். சொன்னவர் கொடிய மனிதர் அல்லர்; அன்று காலையில் அதே வாக்கியத்தைப் பத்துப் பன்னிரண்டு முறை சொல்லிக் களைத்திருந்தார். "அதுல போட்டா அப்புறம் என்னங்க ஆவான்?" என்று தகப்பனார் கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பையன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். 'போடுதல்' என்பது மூட்டையை ஓரிடத்தில் இறக்குவதற்குரிய வினைச்சொல் என்பதும், அதனோடு சேர்த்துச் சொல்லப்பட்ட லத்தீன் சொல் அதற்கு நேர்மாறான வினையிலிருந்து பிறந்தது என்பதும் எனக்கு அந்தக் கணத்தில் தெரிந்தே இருந்தன; தெரிந்திருந்தும் வாய் திறவாமல் அடுத்த விண்ணப்பத்தை எடுத்தேன். அந்த மௌனத்துக்குப் பிராயச்சித்தமாகவே இதை எழுதுகிறேன் என்று நீங்கள் கொண்டாலும் தவறில்லை.

வொகேஷன் என்னும் ஆங்கிலச் சொல், லத்தீனின் வொகாத்ஸியோ என்பதன் திரிபு. வொகாரே என்றால் அழைத்தல். அதனோடு ஒட்டி நிற்பது வோக்ஸ், அதாவது குரல். இந்த வோக்ஸும் சம்ஸ்கிருதத்தின் வாக் என்பதும் ஒரே மூதாதையின் வழிவந்தவை என்று மொழிநூலார் தெளிந்திருக்கிறார்கள். ஆகவே, வாக்குக் கொடுத்தான், வாக்குத் தவறினான், அருள்வாக்குச் சொன்னாள் என்றெல்லாம் நாம் பேசும்போது நம் நாவில் வந்து நிற்கும் சொல்லுக்கும் உங்கள் பிரிவின் பெயருக்கும் தாயாதி உறவு இருக்கிறது. பெயர்ப்பலகையில் ஆங்கிலமாகக் காணப்பட்டாலும், அதன் உள்ளே இருப்பது நமக்கு அந்நியமான ஒலி அல்ல.

பழைய ரோமாபுரியில் இந்தச் சொல்லுக்குத் தெய்வீகம் ஏதும் இருந்ததாகச் சொல்ல முடியாது. அந்நகரத்தார் முதன்முதலாக எழுதி வைத்த சட்டத் தொகுதியாகிய பன்னிரண்டு பலகைகள் கி.மு. 451-450-இல் இயற்றப்பட்டன, அதன் முதல் விதியே இந்த வினைச்சொல்லைக் கொண்டுதான் தொடங்குகிறது. ஒருவன் மற்றொருவனை நியாய ஸ்தலத்துக்கு அழைப்பானாகில், அழைக்கப்பட்டவன் போயாக வேண்டும் என்பதே அவ்விதி. விருந்துக்கு அழைப்பதற்கும் இதே சொல்தான். சேவைக் காலம் முடிந்து வீடு திரும்பிவிட்ட வீரர்களைத் தளபதி மறுபடியும் கேட்டு வரவழைத்தால், அவர்களுக்கு எவொகாத்தி, அதாவது 'அழைத்து வரவழைக்கப்பட்டவர்கள்' என்று பெயர். கி.மு. 48-இல் ஃபார்சாலுஸ் போர்க்களத்தில் சீசருடைய படையின் முன்னணியில் முதலாவதாகப் பாய்ந்து உயிர் நீத்த கிராஸ்தீனுஸ் என்பவன் அத்தகையவன். சீசர் தாம் எழுதிய போர்க் குறிப்பில் அவனுடைய பெயரை மறவாமல் பதிந்து வைத்தார். வழக்கில் மாட்டிக்கொண்ட ஒருவன், தன் பக்கத்தில் வந்து நிற்கும்படி வேண்டியழைத்த நண்பனுக்கு அத்வொகாத்துஸ் என்று பெயர். இன்று நாம் அட்வகேட் என்று அழைப்பவர் அந்த நண்பரின் வாரிசு. நியாய ஸ்தலத்தில் பேசுவதற்குக் கூலியோ பரிசோ பெறக்கூடாதென்று கி.மு. 204-இல் ரோமர்கள் ஒரு சட்டம் செய்தார்கள் என்பதைக் கவனிக்கும்போது, இடருற்றவனுடைய குரலைக் கேட்டு எழுந்து போவதே அந்தச் சொல்லின் ஜீவன் என்பது விளங்கும்.

இந்தச் சொற்குடும்பம் முழுவதிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். அழைக்கிறவர் ஒருவர், காது கொடுத்து எழுந்திருக்கிறவர் இன்னொருவர். லத்தீனில் வேலையைச் சுட்டும் மற்றைச் சொற்களிலிருந்து வொகாத்ஸியோவைப் பிரித்துக் காட்டும் லட்சணம் இதுதான்.

அந்த மற்றைச் சொற்களும் அழகு குறைந்தவை அல்ல. ஒஃபீசியும் என்பது ஒபுஸ் என்னும் செயலையும் ஃபாகெரே என்னும் செய்தலையும் சேர்த்துப் பிறந்தது. ரோமச் சிந்தனையாளர் ஸிஸரோ, ஆதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தம் புதல்வன் மார்க்குஸை முன்னிறுத்திக் கி.மு. 44-இல் மூன்று பாகங்களாக எழுதிய கடமை நூலுக்கு அதுவே தலைப்பு. எழுதி முடித்த மறு ஆண்டின் டிசம்பரில் அவர் கொலையுண்டார். அவ்வளவு கனமான சொல் நம் ஊரில் ஆபீஸ் என்று ஆகி, குமாஸ்தா காலையில் போய் மாலையில் திரும்புகிற கட்டடத்தின் பெயராக நின்றுவிட்டது. மூனுஸ் என்பது இன்னும் விசேஷமான சொல். கடமை என்றும் அதற்குப் பொருள் உண்டு. காணிக்கை என்றும் உண்டு. இறந்தவர்களுக்குச் செய்தாக வேண்டிய சடங்கு என்றும் உண்டு. நாம் கடன் என்ற ஒரே சொல்லால் கொடுத்துத் தீர்க்க வேண்டியதையும் செய்து தீர்க்க வேண்டியதையும் குறித்து, இறந்தார்க்கு ஆற்றுவதை நீர்க்கடன் என்றும் சொல்கிறோம் அல்லவா? அந்தக் கடனுக்கு இதைக் காட்டிலும் நெருங்கிய லத்தீன் இணை கிடைப்பது அரிது. கி.மு. 264-இல் ரோமாபுரியில் முதன்முதலாக வாள்வீரர்களைப் பொருத வைத்தது, இறந்த தகப்பனுக்குப் பிள்ளைகள் செலுத்திய கடனாகத்தான். அதனாலேயே அந்தக் குரூரமான விளையாட்டுக்கும் மூனுஸ் என்றே பெயர் வந்தது. ஊர்க்கடமைகளை ஏற்றுக்கொண்ட நகரம் மூனிகிபியும் ஆயிற்று. அதன் பேரப்பிள்ளைதான் நம் முனிசிபாலிட்டி.

புரொஃபெஸ்ஸியோ என்ற சொல்லில் அழைப்பவர் இல்லை. பலரறிய வாய்விட்டுச் சொல்லுதல் என்பதே அதன் கருத்து. ரோமக் குடிமகன் தன் உடைமைகளை அதிகாரிகளின் முன் அறிவித்ததும் புரொஃபெஸ்ஸியோ. பிற்காலத்துத் துறவி சபையின் நடுவில் நின்று விரதம் ஏற்றதும் புரொஃபெஸ்ஸியோ. தமிழ்க் கத்தோலிக்கர் இரண்டாவதற்கு 'வார்த்தைப்பாடு' என்று ஒரு நல்ல சொல்லை வைத்திருக்கிறார்கள். 'நான் இன்ன தொழிலன்' என்று உலகத்துக்கு அறிவிக்கும் புரொஃபஷனுக்கும், 'வா' என்று ஒரு குரல் கேட்கும் வொகேஷனுக்கும் உள்ள தூரத்தை, இரண்டையும் தொழில் என்ற ஒரே சொல்லால் மொழிபெயர்த்து நாம் அழித்துவிட்டோம் என்பது என் அபிப்பிராயம்.

உங்களுக்கு நான் தனியே சொல்ல விரும்பும் சொல் ஒன்று இருக்கிறது. 'குறைவு' என்று பொருள்படும் மினுஸ் என்பதிலிருந்து, பிறர்க்குக் கீழிருந்து ஏவல் செய்பவனுக்கு மினிஸ்தேர் என்றும், 'மிகுதி' என்று பொருள்படும் மாஜிஸ் என்பதிலிருந்து, வழிகாட்டும் தலைவனுக்கும் ஆசானுக்கும் மாஜிஸ்தேர் என்றும் லத்தீனில் பெயர்கள் அமைந்தன. முன்னது இங்கே மினிஸ்டர் ஆகிக் கொடியுடன் காரில் போகிறது. பின்னதிலிருந்து மாஜிஸ்திரேட்டும் வந்தார், ஆங்கிலத்தின் வழியாக உங்களையும் என்னையும் பிள்ளைகள் அழைக்கும் 'மாஸ்டர்' என்ற பெயரும் வந்தது. ஆனால் அதே மாஜிஸ்தேர், போர்த்துக்கீசியரின் வாயில் மெஸ்த்ரே ஆகி, அவர்களுடைய கப்பல்களில் நம் கடற்கரைக்கு வந்து இறங்கி, கொத்துவேலை நடக்கும் இடத்தில் மட்டக்கோலும் தூக்குக்குண்டும் கையில் கொண்டு நிற்கும் மனிதருக்குப் பெயராயிற்று. மேஸ்திரி என்று நாம் அழைக்கும் அவருடைய பெயரும், ரோமாபுரியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஆசானுடைய பெயரும் ஒன்றே. சாரத்தின்மேல் நிற்கிற மேஸ்திரியையும் மேடைமேல் நிற்கிற மாஸ்டரையும் இரு வேறு வர்க்கமாகப் பிரித்தது நம் வழக்கம். சொல்லின் சரித்திரத்தில் அந்தப் பிரிவினை இல்லை.

சரித்திரத்தில் இல்லையே ஒழிய, ரோமர்களின் மனத்தில் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவது தர்மம். மேலே சொன்ன கடமை நூலின் முதற் பாகத்தில் ஸிஸரோ, எவ்வெத் தொழில் நன்மக்களுக்கு ஏற்றது, எது இழிந்தது என்று வரிசைப்படுத்துகிறார். வரி வசூலிப்பவரும் வட்டிக்கு விடுபவரும் இழிந்தவர். கூலிக்கு உடலுழைப்பை விற்பவர் இழிந்தவர், வாங்கும் கூலியே அவருடைய அடிமைத்தனத்துக்கு அச்சாரம். கைவினைஞர் அனைவரும் இழிந்த கலையில் ஈடுபட்டவர், ஏனெனில் பட்டறையில் சுதந்திர மனிதனுக்குரியது எதுவும் இருக்க முடியாது. மருத்துவம், கட்டடக்கலை, நல்லறிவு போதித்தல் ஆகியவை அவற்றுக்குரிய அந்தஸ்துள்ளவர்களுக்குக் குற்றமில்லை. எல்லாவற்றிலும் சிறந்தது வேளாண்மை, அதாவது நிலம் வைத்திருப்பது. பதினோராம் வகுப்புச் சேர்க்கை மேசையில் நாங்கள் வைத்திருந்த வரிசைக்கும் இதற்கும் பெரிய பேதம் எனக்குத் தெரியவில்லை. இப்படி எழுதியவரின் நகரத்தில், அவருக்குப் பின் ஏறக்குறைய 170 ஆண்டுகளில், ஏட்ரியன் சக்கரவர்த்தியின் காலத்தில், பாந்தியன் கோயிலுக்கு 43 மீட்டர் அகலமான காங்கிரீட் குவிமாடம் ஒன்றை எழுப்பினார்கள். இரும்புக் கம்பி இல்லாமல் எழுந்த அந்தக் கூரை இன்றும் விழாமல் நிற்கிறது. அதற்குச் சாரம் கட்டி, அச்சுப் பலகை அடித்து, கலவையைப் பக்குவம் பார்த்துக் கொட்டிய கைகள் அத்தனையும் ஸிஸரோவின் கணக்கில் இழிந்தவைதாம்.

இந்த வரிசையைக் கலைத்தது எது என்று கேட்டால், யூதர்களின் பழைய வேதத்தில் வரும் ஒரு சிறுவனின் கதையை நான் சொல்வேன். சீலோ என்னும் ஊரின் ஆலயத்தில், பார்வை மங்கிய ஏலி என்ற முதிய குருவுக்கு ஏவல் செய்துகொண்டிருந்தான் சாமுவேல். இரவில் தன் பெயரைச் சொல்லி யாரோ அழைப்பது கேட்டு எழுந்து, கிழவரிடம் ஓடி, கூப்பிட்டீர்களே வந்துவிட்டேன் என்றான். நான் கூப்பிடவில்லை, போய்ப் படுத்துக்கொள் என்றார் அவர். மூன்று முறை இவ்வாறே நடந்தது. மூன்றாம் முறைதான் அழைப்பவர் யாரென்று கிழவர் உணர்ந்து பையனுக்குச் சொல்லிக் கொடுத்தார். தெய்வத்தின் அழைப்பு அந்தப் பிள்ளையின் காதில், தன்னோடு இருந்த தளர்ந்த மனிதரின் குரலாகவே விழுந்தது என்பதும், அந்த மனிதருக்கு உதவி வேண்டும் என்று நினைத்து அவன் மூன்று முறையும் தூக்கத்தைவிட்டு எழுந்து ஓடினான் என்பதும், நான் இந்தக் கதையில் மிகவும் நேசிக்கும் அம்சங்கள்.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில், போப் தமாசுஸின் விருப்பத்தின் பேரில் வேதத்தை லத்தீனில் செம்மைப்படுத்தும் பணியை ஜெரோம் மேற்கொண்டார். புதிய ஏற்பாட்டில் அழைப்பைக் குறிக்கும் கிளேசிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு லத்தீன் வேதத்தில் வொகாத்ஸியோ என்பதே நின்றது. வழக்குக்கும் விருந்துக்கும் வழங்கிய சொல் அன்று முதல் ஆன்மாவைப் பற்றியதாயிற்று. திருச்சபையைக் குறிக்கும் எக்லேசியாவும் அழைத்தல் என்ற அதே கிரேக்க வினையின் வழிவந்ததுதான். ஆனால் அடுத்த ஆயிரம் ஆண்டுகளில் இந்தச் சொல் பெரும்பாலும் மடத்துக்குள்ளே அடைந்துவிட்டது. துறவிக்கும் குருவுக்கும் கன்னியர்க்கும் வொகாத்ஸியோ உண்டு. உழுபவனுக்கும் நெய்பவளுக்கும் உள்ளது பிழைப்பு மாத்திரமே என்ற எண்ணம் வேரூன்றியது.

அந்த மடத்தின் கதவைத் திறந்தவர் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர். 1522-இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் வெளியிட்ட அவர், அழைப்பு என்று பொருள்படும் பெரூஃப் என்ற சொல்லை மடத்திலிருந்து எடுத்துத் தெருவில் வைத்தார். அதே ஆண்டில் இல்லறத்தைப் பற்றி எழுதிய நூலில், குழந்தையின் மூத்திரத் துணியைத் துவைக்கும் தகப்பனைக் கண்டு ஊர் சிரித்தாலும் இறைவன் தேவதூதர்களோடு கூடி மகிழ்கிறான் என்ற கருத்தை அவர் சொன்னபோது, துவைப்பதும் வேட்கோவன் சக்கரம் சுழற்றுவதும் அழைப்புக்குரியவை ஆயின. மற்றொரு சீர்திருத்தவாதியான கால்வின் அழைப்பைச் சிப்பாயின் காவல்நிலைக்கு ஒப்பிட்டார். இன்றும் ஜெர்மனியில் 'உன் தொழில் என்ன' என்று கேட்பவன் பெரூஃப் என்ற சொல்லால்தான் கேட்கிறான். அந்தச் சொல்லுக்குப் பின்னே ஒரு குரல் இருந்ததை அவன் நினைப்பதில்லை. சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வெபர் 1904-05-இல் எழுதிய புகழ்பெற்ற ஆராய்ச்சியின் மையமே, அழைப்பாக இருந்தது எவ்வாறு அழைப்பவரை இழந்து வெறும் கடும் உழைப்பாக எஞ்சியது என்பதுதான்.

1917-ஆம் ஆண்டு இந்தச் சொல்லின் சரித்திரத்தில் நான் மறவாத ஆண்டு. அவ்வாண்டு பிப்ரவரியில் அமெரிக்க நாட்டில், விவசாயமும் கைத்தொழிலும் மனையியலும் கற்பிக்கும் பள்ளிகளுக்கு மத்திய அரசின் பணத்தைத் தரும் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் நிறைவேறியது. வொகேஷனல் என்ற அடைமொழி அதில் அரசாங்க முத்திரையோடு நிலைபெற்றது. நவம்பரில் மியூனிக் நகரத்தில் அதே வெபர் மாணவர்களின் முன் நின்று, விஞ்ஞானத்தை அழைப்பாகக் கொள்வது பற்றிப் பேசினார். பேராசிரியரின் ஆராய்ச்சிக்கும் பண்ணைப் பையனின் பயிற்சிக்கும் ஒரே கருத்து ஒரே ஆண்டில் பெயராயிற்று. பின்னதில் மட்டும் அதன் மதிப்பு நாளடைவில் தேய்ந்தது. நம் நாட்டில் 1964-66-இல் கோத்தாரி கமிஷன் உயர்நிலைக் கல்வியைத் தொழிலோடு இணைக்கச் சொல்லி, 1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகள் தோன்றியபோது அந்தத் தேய்ந்த சொல்தான் நம்மிடம் வந்து சேர்ந்தது.

இங்கே ஓர் அபாயத்தை எச்சரிக்காமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. அழைக்கப்பட்ட நிலையிலேயே ஒவ்வொருவரும் நிலைத்திருக்க வேண்டும் என்னும் பொருள்பட, கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 7-ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதியதைப் பிடித்துக்கொண்டு, அடிமை அடிமையாகவும் பண்ணையாள் பண்ணையாளாகவும் இருப்பதே இறைவன் சித்தம் என்று உபதேசித்தவர்கள் ஐரோப்பாவில் இருந்தார்கள். நம்மிடையே அதற்கு இன்னும் வசதியான ஏற்பாடு ஜாதியின் உருவத்தில் தயாராகவே இருந்தது. வொகேஷனைச் சுவதர்மம் என்றோ குலத்தொழில் என்றோ மொழிபெயர்க்க விரும்பும் பெரியோர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களோடு நான் உடன்படவில்லை. 1953-இல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதி நாள் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருக்கும்படி வகுத்தது. குலக்கல்வி என்று மக்கள் அதை எதிர்த்தார்கள். 1954-இல் முதலமைச்சரான காமராஜர் அதைக் கைவிட்டார். கைவிட்டது நியாயம். ஏனெனில் அழைப்பு என்பதற்கு ஆதாரமாகக் கிறிஸ்தவர்கள் காட்டும் கதையிலேயே, கலிலேயாக் கடற்கரையில் இயேசுவால் அழைக்கப்பட்ட யாக்கோபும் யோவானும் தகப்பன் செபெதேயுவைக் கூலியாட்களோடு படகிலே விட்டுவிட்டு எழுந்து போனார்கள். பவுலோ, அழைக்கப்பட்ட பின்னும் கூடாரம் செய்யும் கைத்தொழிலை விடவில்லை. அவர்கள் தொழிலை விட்டார்கள், இவர் தொடர்ந்தார். அவர்களுள் எவரையும் குரல் குலத்தின் பெயர் சொல்லி அழைக்கவில்லை. உங்கள் பட்டறையில் தச்சர் மகன் லேத்தில் நிற்கலாம், உழவர் மகள் கணக்குப் பதிவு கற்கலாம் என்ற நிலைமை இருக்கும் மட்டும்தான் உங்கள் பிரிவு அந்தப் பெயருக்கு உரியது.

இனி என்னைப் பற்றிச் சிறிது. 1960-களின் தொடக்கத்தில் நான் ஒரு குருமடத்தில் மாணவனாக இருந்தேன். லத்தீனைக் கற்றது அங்கேதான். தமிழ்க் கத்தோலிக்கர் வொகாத்ஸியோவைத் 'தேவ அழைத்தல்' என்பார்கள். பதினெட்டு வயதில் ஒரு மாலை, அதிபர் என்னைத் தம் அறைக்கு வரவழைத்து, பரிவோடுதான், "தம்பி, உனக்குத் தேவ அழைத்தல் இல்லை" என்றார். மறுநாள் தகரப் பெட்டியோடு பஸ் ஏறினேன். வீட்டில் அம்மா எதுவும் கேட்கவில்லை, சோறு போட்டாள். அந்த வாக்கியம் நெடுங்காலம் என்னுள் ஆறாமல் இருந்தது. பல ஆண்டுகள் கழித்துச் சேர்க்கை மேசையில் அதே சொல்லை மறுபடியும் கேட்டேன். அது இல்லையென்று என்னை வெளியே அனுப்பினார்கள். அதைத் தவிர வேறு கதியில்லையென்று அந்தப் பையனை உள்ளே அனுப்பினார்கள். எங்கள் இருவரிடமும், உனக்கு ஏதாவது கேட்கிறதா, யாருக்கு என்ன செய்ய உன் கை துடிக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தப் பையன் ஜெனரல் மெஷினிஸ்ட் பிரிவில் சேர்ந்தான். இரண்டாம் ஆண்டில் ஒருநாள் எங்கள் பள்ளியின் தண்ணீர்க் குழாய் மோட்டார் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பிள்ளைகள் தாகத்தோடு குழாயடியில் கூடி நின்றபோது, உங்கள் சகாவான ஆசிரியர் ஒருவர் வகுப்பு வாசலில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் கையிலிருந்த அரத்தைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு ஓடி வந்தான். தேய்ந்துபோன ஒரு புஷ்ஷை லேத்தில் புதிதாகக் கடைந்து மாட்ட இரண்டு மணி நேரம் பிடித்தது. தண்ணீர் வந்ததும் பிள்ளைகள் குடித்துவிட்டுப் போனார்கள். அவனும் கையைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனான். எவொகாத்தி, அத்வொகாத்துஸ் என்று நான் குருமடத்தில் மனப்பாடம் செய்த சொற்களின் அர்த்தம் அன்றுதான் எனக்குக் கண்முன் தெரிந்தது. பரீட்சை முடிந்து அவன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனான். "அப்புறம் என்னங்க ஆவான்?" என்று கேட்ட தகப்பனாருக்கு, மேஸ்திரி ஆவான், மேஸ்திரி என்றால் ஆசான் என்று அர்த்தம் என நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

நண்பர்களே, உங்களிடம் நான் வேண்டுவது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. குருப்பட்டம் கொடுக்கும் சடங்கில், பீடத்தின் முன்னால் ஒவ்வொரு இளைஞனுடைய பெயரும் உரக்க அழைக்கப்படும். லத்தீனில் சடங்கு நடந்த அக்காலத்தில் அழைக்கப்பட்டவன் 'அத்சும்' என்று ஒரே சொல்லில் மறுமொழி கூறி ஓரடி முன்னே வந்து நிற்பான். நான் அந்தச் சொல்லைச் சொல்லும் பேறு பெறவில்லை. ஆனால் சரித்திர ஆசிரியனாக, வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, முப்பதாண்டுக் காலம் காலைதோறும் அதன் தமிழ் உருவத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அத்சும் என்றால் உள்ளேன். நம் பிள்ளைகள் கூடவே ஓர் 'ஐயா'வையும் சேர்த்துச் சொல்கிறார்கள், அவ்வளவே வித்தியாசம்.

வருகிற ஜூன் மாதத்தில் புதிய பிள்ளைகள் உங்கள் வகுப்புக்கு வருவார்கள். 'போடப்பட்டு' வந்த வருத்தம் பலர் முகத்தில் இருக்கும். முதல் நாள் காலையில் எண்ணைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். தலையைக் குனிந்தபடி வரிசையாகக் குறித்துக்கொண்டும் போகாதீர்கள். ஒவ்வொருவரையும் முழுப் பெயர் சொல்லி அழையுங்கள், முகத்தைப் பாருங்கள், 'உள்ளேன் ஐயா' என்ற குரல் உங்கள் காதில் விழுந்த பிறகு பேனாவை எடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியன் ஒருவன்